கேட் பதிவேட்டில் பதினோரு வரிகள்

அவையை ஆளும் தலைவர், எங்கள் தொழிற்சாலை மேலாளர் ஹரீஷ்குமார் அவர்களே, சூளகிரி முன்னாள் படைவீரர் சங்கத்து மூத்தோரே, பனி விலகுமுன் சோறு கட்டி ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடும் கால்களுக்கு இன்று சற்றே ஓய்வு தந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

"மைக்க கிட்ட வெச்சுப் பேசும்மா" என்கிறார் பின்வரிசைப் பெரியவர். வைத்துவிட்டேன் ஐயா. குரல்தான் சிறியது.

மார்கழிக் காலையில் எங்கள் கேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? மலை தெரியாது, நெடுஞ்சாலை தெரியாது. லாரிகள் மேகத்திலிருந்து இறங்குவதுபோல் வரும். அந்த வெண்மையின் வாசலில் ஒருவர் அசையாமல் நிற்பார். சுபாஷ் அண்ணன். பதினைந்து ஆண்டுகள் ராணுவத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக். பனிச் சிகரத்தில் விளக்கு அணையாமல் காத்த கைகள். ஆட்குறைப்பில் அவருடைய பணிமனையை மூடி, ஊருக்கு அனுப்பினார்கள். இங்கே வேலை கேட்டு வந்தார். மிலிட்டரியா, செக்யூரிட்டியில் போடு என்றோம். என்ன தெரியும் என்று எவராவது கேட்டோமா? விறைப்பாக நிற்பவருக்கு நிற்க மட்டுமே தெரியும் என்று எண்ணினோமா?

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் நான், ஒரு லாரி வந்த நேரத்தைத் தேடி கேட் பதிவேட்டைப் புரட்டினேன். வண்டி எண்களுக்கு நடுவே ஒரு வரி: 'ஜெனரேட்டர் ஒலி மாறியுள்ளது. பேரிங் பார்க்கவும்.' மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும். பதினோரு நாள், பதினோரு வரி. கனவில் யாரோ நம் பெயரை மெல்லச் சொல்லிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது.

"யாருகிட்டயாச்சும் நேர்ல சொல்லியிருக்கலாம்ல, அண்ணா?" என்று கேட்டேன்.

"போஸ்ட்ட உட்டுட்டு நவுரக் கூடாதுங்க மேடம். எழுதிட்டா ஆபீசர் படிச்சிருவாரு. உத்தரவுதான் இன்னும் வரல."

படையில் பதிவேட்டை அன்றன்றே அதிகாரி படித்துக் கையெழுத்திடுவாராம். இங்கும் படிப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைவர் அவர்களே, நான் பதிவேட்டை நீட்டியதும் ஜெனரேட்டரைத் திறக்கச் சொன்னீர்கள். பேரிங் பொடிந்திருந்தது. மாற்றினோம். சுபாஷ் அண்ணன் திரும்பப் போய்க் கேட்டில் நின்றார்.

பராமரிப்புப் பிரிவில் ஒரு மெக்கானிக் இடம் காலி. நாளை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. அவர் விண்ணப்பத்தைப் பணியாளர் பிரிவு கந்தன் சார் திருப்பித் தந்துவிட்டார். "ஐடிஐதான் கேக்கறாங்க. மிலிட்டரி சர்டிபிகேட்டுக்கு நம்ம ஃபாரத்துல கட்டம் இல்லீங்களே." பதினைந்து ஆண்டுகளை எழுத ஒரு கட்டம் இல்லை. நான்கு கோடு கிழித்தால் பிறக்கும் கட்டம் இல்லை.

முதல் வரிசையில் சுபாஷ் அண்ணனின் மனைவி பொற்கொடி அக்கா இருக்கிறார். நேற்று என்னிடம் சொன்னார்: "தூங்கறப்பக்கூட எங்கியோ மெஷின் ஓடுதான்னு காது குடுத்துட்டுத்தான் படுத்திருக்காரு, பாப்பா." உறங்கும்போதும் விழித்திருக்கும் அந்தக் காதை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே யாரைத் தேடுகிறோம்?

கை தட்டாதீர்கள். நாளைக்கு மிச்சம் வையுங்கள்.

இப்போதும் அவர் கேட்டில்தான் நிற்கிறார். பதிவேட்டின் இன்றைய பக்கத்தில், 'கம்ப்ரஸரில் காற்று கசிகிறது' என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே அதிகாரி கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தின் நகல் இதோ, உங்கள் மேசைமேல். அதனடியில் அவருடைய விண்ணப்பம். தலைவர் அவர்களே, பேனா உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

சிறிய குரலுக்கும் செவி தந்த அவைக்கு நன்றி. வாசலில் நிற்கும் அனைவருக்கும் என் வணக்கம்.