மத்தளம் இல்லாத நாற்பது நிமிடம்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே, மன்றச் செயலாளர் அவர்களே, மறைந்த அம்மையாரின் மகளே, தையல் ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மையாரை நவீன நடனத்தின் முன்னோடி என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறார்கள். உண்மை. ஆனால் அந்த முன்னோடியின் பாதையில் முள்ளைப் போட்டவன் யார் தெரியுமா? அவரைப் புகழ்வதற்காக உங்கள் முன் நிற்கும் நான்தான்.

பதினோரு ஆண்டுகள் அவர் ஆட்டத்துக்கு மத்தளம் வாசித்தேன். ஒருமுறை குதிகால் எலும்பில் விரிசல் விழுந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார். ஜன்னலுக்கு எதிரே தையல் ஆலை. இஸ்திரி போடும் பெண் வலது காலிலிருந்து இடது காலுக்குப் பாரத்தை மாற்றுவதையும், துணி மடிப்பவள் கழுத்தை உருட்டி வலி போக்குவதையும் நாளெல்லாம் பார்த்தார். கால் சரியானதும் நேரே ஆலைக்குப் போய், என்னோடு ஆட வருகிறீர்களா என்று அந்தப் பெண்களைக் கேட்டார். ஒன்பது பேர் வந்தார்கள். சலங்கை இல்லை, நகை இல்லை, பாட்டும் இல்லை.

என்னிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "அண்ணே, இதுக்கு மத்தளம் வேண்டாம்னு தோணுது. நீங்க முன்வரிசையில உட்கார்ந்து பாருங்க."

நீ வேண்டாம் என்று சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது.

இதே அரங்கில்தான் அரங்கேற்றம். நாற்பது நிமிடம். துணி உதறும் ஓசை, மூச்சு, காலடி, அவ்வளவே. இதற்கு ஆலைக்கே போயிருக்கலாமே என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் ஒன்பது பெண்களும் ஒரே மூச்சில் முதுகு நிமிர்ந்தபோது, என் விரல்கள் என்னைக் கேட்காமலே தொடையில் தாளம் போட்டன! கைக்குத் தெரிந்தது. வாய்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் அன்றைய செயலாளர் என் கருத்தைக் கேட்டார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். உடன் வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நடனமே அல்ல என்று எழுதினேன். அந்த ஒரு பக்கத்தை வைத்து ஏழு ஆண்டுகள் இந்த அரங்கின் கதவை அவருக்கு அடைத்தார்கள். மன்றத்தின் பிடிவாதம் என்று இத்தனை நாள் நினைத்தீர்களே, அது என் பொறாமை.

அவர் சோர்ந்தாரா? ஆலையின் கிடங்கைக் கேட்டு வாங்கினார். அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளி, தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை பயிற்சி கொடுத்தார். அந்தக் கிடங்கில் பிறந்த ஆட்டங்கள் கடல் கடந்து போயின. பிறகு வந்த நிர்வாகம், தானே போய் அவரை அழைத்து வந்தது.

என்னை மட்டும் அவர் ஒதுக்கவே இல்லை. என் மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது, மாற்றுத் துணியோடு வந்து பன்னிரண்டு நாள் கூடவே இருந்தார். அன்றாவது நான் வாய் திறந்திருக்கலாம் அல்லவா? திறக்கவில்லை.

நேற்று அவர் மகளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா. பழைய செயலாளர் அந்தக் கடிதத்தை அப்பவே காட்டிட்டாரு. ஏம்மா போய்க் கேக்கலைன்னு எத்தனையோ தடவை கேட்டேன். 'அவரே வந்து சொல்லுவாரு'ன்னு சொல்லுவாங்க. போன மாசம்கூட அதையேதான் சொன்னாங்க."

பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்திருக்கிறார்! நான்கு தெரு தள்ளித்தான் நான் இருந்தேன்.

மன்னிப்பை இனி யாரிடம் கேட்பேன்? செயலாளர் அவர்களே, நான் சொன்னதை மன்றக் குறிப்பேட்டில் ஒரு வரி விடாமல் பதிய வேண்டும்.

அவர் பாதியில் விட்டுப்போன ஆட்டத்தை இந்தச் சகோதரிகள் முடிக்கப் போகிறார்கள். அவர்கள் பணி தொடர என் எஞ்சிய காலத்தைக் கொடுக்கிறேன் என்று இந்த அவையில் உறுதி சொல்கிறேன். சற்றுமுன் வராந்தாவில், நானும் வரலாமா என்று அவர்களில் மூத்தவரிடம் கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு சொன்னார்:

"வாங்க. செவ்வாய்க்கிழமை அஞ்சு மணிக்கு மறுபடி கிடங்குல ஆரம்பிக்கிறோம். நாலரைக்கே வந்தா தரையைக் கூட்டணும்."

செவ்வாய்க்கிழமை நாலரைக்குப் போகிறேன்.