இடிபாட்டு மணலுக்காக ஓர் எதிர்வாதம்

அவையை அமைதியாய் ஆளுகின்ற தலைவர் அருணாதேவி அம்மையார் அவர்களே, வெயிலில் வெந்து வீடுகள் தந்த மூத்த மேஸ்திரிகளே, சித்தாளாய்ச் சுமந்து இந்த வேங்கிக்கால் ஊரையே வளர்த்த தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் மோட்டார் சைக்கிள் மேல் அமர்ந்திருக்கும் இளைஞர்களே! பொறியாளர் மதிவதனியின் பணிவான வணக்கம்.

நம் கட்டடச் சங்கத்தின் முன் இன்று ஒரு தீர்மானம் இருக்கிறது. இடித்த வீட்டின் கல்லையும் காரையையும் அரைத்த மணலை இனி எவரும் கலவையில் சேர்க்கக் கூடாதாம். நிறைவேறினால், அதை அரைத்து விற்கும் பாஞ்சாலையின் கிரஷர் நாளையே நிற்கும். அவரும் இங்கேதான் அமர்ந்திருக்கிறார்.

"அடி அண்ணாமலைல சுவரு உதிருதே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேளுங்கள் ஐயா, கேட்கத்தானே கூட்டம். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இந்த மணலில் பூசிய பக்தர்கள் ஓய்வுக்கூடத்தின் பூச்சு உதிர்ந்தது உண்மை. ஆனால் மேற்குப் பக்கம் மட்டும் உதிர்ந்தது ஏன்? அதே மணல், அதே சிமெண்ட், அதே கொத்தனார். முந்தின வாரம் பூசிய கிழக்குப் பக்கம் இத்தனை மழைக்கும் அசையவில்லையே, அது ஏன்?

வேலையை நடத்திய சகாதேவன் மேஸ்திரியிடமே கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "மேக்குப் பக்கம் பூசின மறுநாள் பௌர்ணமிம்மா. கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைச்சிட்டாங்க, தண்ணி லாரி உள்ள வரல. நாங்களும் அன்னதானப் பந்தலுக்குப் போயிட்டோம். சுவத்துக்கு யாருமே தண்ணி ஊத்தல" என்றார்.

வந்த அடியார்க்கெல்லாம் மோர் வார்த்தோம். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைத்தோம். வாய் திறந்து கேட்கத் தெரியாத சுவரை மட்டும் வாட விட்டோம்! சிரிக்காதீர்கள் சகாதேவன், உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அரைத்த மணலில் பழைய காரை ஒட்டியிருக்கும். அது தண்ணீரை ஜாஸ்தி குடிக்கும். கலக்குமுன் நனைக்க வேண்டும், பூசிய பின்னும் நாள்தோறும் நனைக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு தலைமுறை நிற்குமா? எனக்குத் தெரியாது. தெரியும் என்று இந்த மேடையில் பொய் சொல்ல மாட்டேன். நின்று பார்த்தால்தானே தெரியும்? நிற்கவே விடாமல் தீர்ப்பெழுதினால் எப்படித் தெரியும்? தடை போட்டுவிட்டு இடிபாட்டையெல்லாம் எங்கே கொட்டுவோம், ஏரியிலா?

ஆகவே தீர்மானத்தைத் தள்ளி வையுங்கள். மேற்குச் சுவரை அதே மணலில், பௌர்ணமி கழித்துப் பூசுவோம். நன்றாக நனைப்போம். ஆண்டுதோறும் போய்ப் பார்ப்போம். அப்போதும் உதிர்ந்தால், தடைக்கு முதல் கை நானே தூக்குகிறேன்.

மேடை ஏறுமுன் பாஞ்சாலை என் கையைப் பிடித்தார். "கிரஷரு ஓடுதோ நிக்குதோ, அது அப்புறம். என் மணலுதான் கெடுத்துச்சுனு ஊரே பேசுது. அப்படி இல்லைனு ஒரே ஒரு வாட்டி மைக்ல சொல்லிடுங்கம்மா" என்றார்.

சொல்கிறேன். அந்தச் சுவரைக் கெடுத்தது பாஞ்சாலையின் மணல் அல்ல. தண்ணீர் ஊற்ற மறந்த நாம்தான் கெடுத்தோம். கேட்டதா பாஞ்சாலை? மைக்கில்தான் சொன்னேன், ஊருக்கே கேட்டிருக்கும்.

கலையாமல் செவி தந்த பெருமக்களுக்கு நன்றி. இனிக் கை தூக்குவது உங்கள் பொறுப்பு. வணங்கி அமர்கிறேன்.