ஒலிக்கு முன் வந்த காற்று

இசை விமர்சகன் முன்வரிசையில் உட்காரக் கூடாது. அங்கே பாடகியின் குரலோடு அவளது மூச்சும் செருப்புச் சத்தமும் சேர்ந்து கேட்கும். மண்டபத்தின் நடுவில்தான் குரலும் பியானோவும் ஒன்றாகக் கலந்து வந்து சேரும். உங்கள் தங்கை யூஜினா பாடும்போது மட்டும் நான் முன்வரிசையில் இருந்தேன், பேர்ணடெற். ஏன் என்று கேட்கிறீர்கள். இருங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இதழில் மேற்கத்திய சாஸ்திரிய இசை பற்றியும் ஒபெரா பற்றியும் எழுதுகிறேன். வெள்ளவத்தையில் அதை யார் வாசிப்பார்கள்? கீழே கடை வைத்திருக்கும் ஷாமில், "சேர், ஒபெரா எண்டா அந்தக் கத்துற பொம்புளட பாட்டுத்தானே? எங்கட ஊட்டுல டிக்கட் இல்லாமலே நடக்குது" என்பார். நானும் சிரிப்பேன். பிறகு மாடியேறி வந்தால், மறுநாள் அவர் கடைக்குப் பாண் வாங்கப் போகும்வரை என் குரலை நானே கேட்பதில்லை.

யூஜினா வாசித்தாள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, பத்திரிகையோடு வந்து, வரிக்கு வரி விளக்கம் கேட்பாள்.

குரல் நாண்கள் இரண்டு உதடுகள் போன்றவை. அவை முட்டிப் பிரிந்து மறுபடி முட்டும்போது ஒலி பிறக்கிறது. அளவுக்கு மீறிப் பாடினால் முட்டும் இடம் தடிக்கும். பிறகு அவை சரியாக மூடிக்கொள்ளா; இடைவெளியால் காற்று கசியும். உரக்கப் பாடும்போது அது தெரியாது. உச்ச ஸ்தாயியில் சன்னமாகப் பாடும்போதுதான் அகப்படும்: ஒலிக்கு முன் ஒரு துளி காற்று வரும். பெப்ரவரிக் கச்சேரியில், முன்வரிசையில் இருந்த எனக்கு அது கேட்டது. ஆனால் பத்திரிகையில், "குரல் கனிந்துவிட்டது, இனிக் கனமான ஒபெராப் பாத்திரங்களை ஏற்கலாம்" என்று எழுதினேன்.

அடுத்த வாரம் வந்தாள்.

"அங்கிள், டொக்டர் மூண்டு மாசம் பாடவே வேணாமாம். கதைக்கிறதையும் குறைக்கட்டாம். அக்காவுக்குத்தான் கொண்டாட்டம்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "உங்கட காதுக்கு ஏதும் விளங்குதா? நீங்க ஓம் எண்டா நான் வாயே திறக்க மாட்டன்" என்றாள்.

ஓய்வெடுத்தால் தடிப்பு வற்றிவிடும். அவள் பாடவிருந்த ஜூன் மாத ஒபெரா மட்டும்தான் தவறும். ஒக்டோபரில் அவள் வியன்னாவுக்குப் போய்விடுவாள். அங்கே ஓர் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது.

"டொக்டர்மார் தொண்டையைப் பாக்கிறவை. நான் கேக்கிறவன்" என்றேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை. பாடு."

பாடினாள். ஒத்திகைக்கு ஒத்திகை பாராட்டினேன். தடித்த நாணை வற்புறுத்தினால் உள்ளே நுண்ணிய இரத்தக் குழாய் வெடிக்கும். மேடையில், மூன்றாம் அங்கத்தில் அது நடந்தது. குரல் இரண்டாகப் பிளந்த கணம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. சனங்கள் அதை உணர்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்கள். புண் ஆறினாலும் தழும்பு மிஞ்சும். தழும்பு அதிராது. அதனால்தான் இப்போது காற்று மட்டும் வருகிறது.

"தெரிஞ்சுதானே செய்தீங்க?" என்று கதவு திறந்ததுமே கேட்டீர்கள். ஓம். தெரிந்துதான் செய்தேன்.

ஆனால் நான் அவளுக்குத் தீங்கு நினைத்ததில்லை. கடையிலும் பஸ்ஸிலும் அவளிடம் "சத்தமாச் சொல்லுங்கோ" என்கிறார்களாம். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. மிக மெல்லிய ஒலியையும் பிரித்துக் கேட்பதுதானே என் தொழில். ஆறுதலாகக் கதைக்கலாம், எங்கும் போக வேண்டியதில்லை.

அவள் இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று சொல்கிறீர்கள். நீங்கள் அவளைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. அவள் ஏற்கெனவே வந்திருப்பாள். படிக்கட்டில் நின்று கூப்பிட்டிருப்பாள். கீழே, காலிக்குப் போகும் பெருவீதியின் வாகன இரைச்சலில் எனக்குத்தான் கேட்டிருக்காது.