பெட்டிக்குள் முனியாண்டி

“முனியாண்டி சாமி இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்காரு. கம்ப்யூட்டருக்குத்தான் வரமாட்டேங்குறாரு.”

பாடாங் செராயிலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் என் முன் இருக்கைப் பெண் சொன்னார். கையில் பழைய ஜிபிஎஸ் கருவி. பக்கத்து மீசைக்காரரின் மடியில் லேப்டாப்.

“அதுலயே பாக்க முடியாதாம்மா?”

“ஸ்கிரீன் போயிருச்சுண்ணே. எஸ்டேட்ல மறுநடவுக்கு மரத்தையெல்லாம் சாய்ச்சுட்டாங்க. சாமி கல்லு எங்க புதைஞ்சிருக்குன்னே தெரியல. சரியா எடத்தைக் காட்டுனா அங்க மட்டும் கன்னு நட மாட்டேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அந்த எடத்த முன்னாடியே இதுலதான் குறிச்சு வச்சிருக்கோம்.”

“வேற கேபிள் போட்டுப் பாத்தியா?”

“கம்ப்யூட்டர் கடைக்காரரு குடுத்ததெல்லாம் போட்டாச்சு லா.”

மீசைக்காரர் கருவியை வாங்கித் திருப்பினார்.

“கேபிள் சொருகுற ஓட்டையில என்னம்மா மஞ்சளா?”

“சந்தனம்ண்ணே. ஆயுத பூஜைக்கு எல்லாச் சாமானுக்கும் வச்சோம்.”

“ஓட்டைக்குள்ளயுமா?”

“பொட்டு வைக்க எடம் அதுதான் வாகா இருந்துச்சு.”

மீசைக்காரர் சிரிக்கவில்லை. ஊக்கு கேட்டுக் கையை நீட்டினார். அந்தப் பெண் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊதிவிட்டு, கேபிளைச் சொருகினார். லேப்டாப் ‘டிங்’ என்றது. வெறும் பச்சை வரைபடம் விரிந்து, நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி வந்து நின்றது.

“இந்தா, வந்துட்டாரு.”

அந்தப் பெண் குனிந்து, செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளினார்.