நெட்டு ஓடுற நேரம்

பழைய கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்குப் பொறுமை வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு அது உண்டு. கேட்டதையே நீங்கள் திரும்பக் கேட்டாலும் சொல்வேன். அலுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பேகம்பூரில் என் கடை. இருதயநாதன் சார் வீடு அங்கிருந்து நடந்துபோகும் தூரம். ஓய்வுபெற்ற வாத்தியார், தனியாக இருந்தார். மகள் ஷைனி கனடாவில். சார் செல்போனைத் தொட மாட்டார். மகள் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர்தான் அவருக்குத் தெரியும். அது போன் லைனில் டயல் செய்து கீச்சென்று கத்தினால்தான் மெயில் போனதாக நம்புவார். அந்த மாதிரி இணைப்பெல்லாம் நின்றுபோய் எவ்வளவோ காலமாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் பக்கத்து அறையில் இன்னொரு கம்ப்யூட்டர் பெட்டியை வைத்து, போன் வயரை வெளியே போகவிடாமல் அதில் மாட்டினேன். சார் டயல் செய்தால் அது எடுக்கும், கத்தும்; மெயில் போவதும் வருவதும் என் செல் வழியாகத்தான். வெளியிலிருந்து அழைப்பு மட்டும் வராது, வெளியே பேசவும் முடியாது.

"ஷைனி போனே போட மாட்டேங்குறாளே பெலிக்ஸு," என்றார் ஒருநாள் என்னிடம்.

"நெட்டு ஓடுற நேரம் போன் வராதுல்ல சார். மறந்துட்டீங்களா?"

"அட, ஆமால்ல," என்று சிரித்தார். நெட்டும் போனும் ஒரே லைனில் ஓடிய காலத்தில் டயல் செய்து பழகியவருக்கு அதில் சந்தேகமே வரவில்லை. நாள் முழுக்க நெட்டை ஓடவிடச் சொன்னேன்.

ஷைனி நாலு வரிதான் எழுதுவாள். சாரின் முகம் வாடிப்போகும். பாவமாக இருந்ததால் இரண்டு வரி சேர்த்தேன். போகப்போக முழு மெயிலையும் நானே எழுதினேன். "ஏலே பெலிக்ஸு, எம்புள்ள இம்புட்டு எழுதிருக்காடா," என்று எனக்கே வாசித்துக் காட்டுவார். அப்புறம் எனக்கும் சேர்த்துத் தோசை ஊற்றுவார். அந்த வீட்டை விட்டால் சாயங்காலம் போக எனக்கு வேறு இடம் கிடையாது.

போன மாதம் ஷைனி, அப்பாவைக் கூட்டிப்போக வருவதாக எழுதினாள். சாரிடம் காட்டவில்லை. 'வேண்டாம்மா, எனக்கு இங்கதான் நிம்மதி' என்று அவர் பெயரில் பதில் போட்டேன். அழுது எழுதினாள். அதற்கும் ஆறுதல் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சார் மகளுக்கு எழுதிய மெயில் என் செல்லில் வந்தது. 'நெஞ்சு வலிக்குதும்மா. நாற்காலிய விட்டு எந்திரிக்க முடியல. பெலிக்ஸ வரச் சொல்லு.'

போயிருக்கலாம் என்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மகளுக்குச் சொல்ல வேண்டும். அவள் வந்துவிடுவாள். இருவரும் முகம் பார்த்துப் பேசுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

'சொல்லிட்டேன்பா, வந்துக்கிட்டிருக்கான்' என்று ஷைனியாகப் பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது வந்தது. 'இன்னும் வரலம்மா. வேலையா இருப்பான். அவனத் திட்டாத.'

அதைப் படித்தபோது அழுதேன், ஐயா. கடையை விட்டு எழுந்திருக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரைத் தனியாகச் சாகவிட்டேன் என்று எழுதாதீர்கள். அவர் எழுதுவது நிற்கும்வரை நான் பதில் போட்டுக்கொண்டேதான் இருந்தேன்.