ரயில் போகுமட்டும்

இல்லை, இல்லை, கதவு சரியாப் பூட்டுப்படேல்லை தம்பி, இன்னொருக்காப் பலமா இழும். ஆ, இப்ப சரி. கால் மாட்டில கிடக்கிறது சீலைப் பண்டில், மிதிச்சாலும் பரவாயில்லை. பஸ்ஸில நசிபட்டுக் கொட்டாஞ்சேனை போறதுக்கு என்ர வான் எவ்வளவோ மேல். நானும் ஒருகொடவத்தைக்குச் சரக்கெடுக்கத்தான் போறன்.

என்ன? குரலை எங்கயோ கேட்டிருக்கிறீரோ? கேட்டிருப்பீர், கேட்டிருப்பீர். உமக்கு வாற பாட ரெக்கோடிங்கில பின்னால நிண்டு போனில சத்தம் போடுறவன் ஒருத்தன் இருக்கிறானெல்லே, அவன்தான் நான். கௌரி மிஸ்ஸின்ர புருசன். சிரியும், சிரியும். அண்டைக்கு மொத்தக்கடைக்காரன் துணியைக் குறைச்சு அளந்து அனுப்பிப்போட்டான், நான் விடுவனே? அவ மைக்கை நிப்பாட்டிப்போட்டு என்னை ஒரு பார்வை பார்த்தா. நாலு பேச்சுப் பேசியிருந்தாலும் சுகமா இருந்திருக்கும்.

உள்ளதைச் சொல்லுறன், எனக்கு மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியத் தெரியாது. உம்மில எனக்குச் சரியான எரிச்சல். பொறாமை எண்டே வைச்சுக்கொள்ளுமன். கண் தெரியாத, கம்பஸில படிக்கிற ஒரு பெடியனில கடை முதலாளிக்குப் பொறாமை எண்டா சனம் சிரிக்கும். சிரிக்கட்டும். நாள் முழுக்க வெள்ளவத்தையில கடையில நிண்டுபோட்டு வீட்டை வந்தா ஃபேன் போடக்கூடாது. ஏன்? மிதுஷனுக்கு இரைச்சல் கேக்குமாம். குக்கர் வைக்கக்கூடாது, மிதுஷனுக்கு விசில் கேக்குமாம். என்ர வீட்டில நான் நனைஞ்ச பெனியனோட மூலையில குந்தியிருக்க, அவ உமக்குப் பாடம் வாசிப்பா.

அந்த வாசிப்பு இருக்கே! விளங்கிச்சோ மிதுஷன், விளங்காட்டி இந்த இடத்தைத் திருப்பிக் கேளும் எண்டு, என்ன ஒரு பதம்! நான் என்ர கண்ணாடி எங்க எண்டு கேட்டா மேசையில எண்டுகூட வாயால வராது, கையைக் காட்டுவா. கண் தெரியிறவனுக்குக் கை போதும்தானே. உமக்கெண்டா ஒரு கோடு எங்க தொடங்கி எப்பிடி வளைஞ்சு எங்க போய் முடியுது எண்டு சொல்லிக்கொண்டே இருப்பா. ஒருநாள், விலை ஏறினா வாங்கிற ஆக்கள் குறையிற அந்தக் கோட்டை உமக்கு விளங்கப்படுத்துறா. வெள்ளவத்தையில ஒரு புடவைக்கடைக்காரர் இருக்கிறார் எண்டு வையும், பெரிய கோவக்காரர், ஆனா சனம் எழும்பிப் போக வெளிக்கிட்டா அவரே கூப்பிட்டுக் குறைப்பார் எண்டு. கோவக்காரர் எண்டு சொன்ன கையோட ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, கவனிச்சனீரோ? மகள் கலியாணம் முடிச்சுப் போனாப் பிறகு அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கேல்லை. உமக்குச் சும்மா வந்து சேர்ந்திருக்கு.

எங்களுக்குள்ள பெரிய சண்டை எண்டில்லை. எனக்குக் கோவம் வந்தா வாய் மூடாது, அவவுக்குக் கோவம் வந்தா வாய் திறக்காது. அப்பிடியே பழகிப்போச்சு.

உம்மட பொன்னம்பலம் சேர், போர்ட்டில எழுதிப்போட்டு இதில இருந்து இது வருது, இதால இது குறையுது எண்டு படிப்பிக்கிறவராமே. எதில இருந்து எது? எழுதிறதை வாயாலயும் சொல்லுங்கோ சேர் எண்டு இவ கேட்டதுக்கு, ஒருத்தனுக்காக வகுப்பையே மாத்தேலாது எண்டவராம். சோதினையில உமக்கு அரை மணித்தியாலம் கூடக் குடுக்கிறதும் மற்றப் பிள்ளையளுக்கு அநியாயமாம். மீட்டிங்கில வைச்சுக் கிழிச்சுத் தொங்கவிட்டிட்டாவே என்ர மனிசி! அது சலுகை இல்லை சேர், அவனுக்கு வாசலைத் திறந்து விடுறது மட்டும்தான், உள்ள வந்து அவன்தான் எழுத வேணும் எண்டு. நல்லது, செய்யத்தான் வேணும். ஆனா இவ்வளவு வருசத்தில எனக்காக அவ ஒருத்தரோட வாய் குடுத்ததை நான் காணேல்லை. இதெல்லாம் எனக்கெப்பிடித் தெரியும் எண்டோ? பொறும், அதுக்கு வாறன்.

ஓய் மல்லி! பலாகென யன்ன! பயப்பிடாதையும், பாத்துப் போ எண்டு ஒரு ஓட்டோக்காரனுக்குச் சொன்னனான், குறுக்கால விட்டிட்டான். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லே, அந்தோனியார் கோயிலடி இறுக்கம்தான். நல்லது, ஆறுதலாக் கதைக்கலாம்.

இப்ப உமக்குப் போன் வாசிக்குதாம். போன கிழமை நீர்தானே சொன்னனீர், மிஸ், இனி நீங்க கஷ்டப்பட வேண்டாம் எண்டு? போடும் பாப்பம், நானும் கேக்கிறன்.

ம்.

ம். நிப்பாட்டும், நிப்பாட்டும். என்ன சரக்கு இது? மூச்செடுக்காமல் ஓடுது. முற்றுப்புள்ளிக்கு நிக்குதில்லை, கேள்விக்கு ஏறுதில்லை. ரேடியோவில மரண அறிவித்தல்கூட இதைவிட ஆசையா வாசிப்பாங்கள். என்ர கடைக்கு இப்பிடிச் சரக்கு வந்தா வந்த லொறியிலயே திருப்பி அனுப்புவன்.

இல்லை, நீர் சொல்லுறது விளங்குது. விரும்பின நேரம் கேக்கலாம், விரும்பின வேகத்தில கேக்கலாம், ஒருத்தரையும் எதிர்பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பேவ்மெண்டில சாக்கு விரிச்சு வித்து வந்தவன் நான், ஆற்றையோ தயவில நிக்கிறது எப்பிடியெண்டு எனக்கு நீர் சொல்லத் தேவையில்லை. மெசினை விடும் எண்டு நான் சொல்லேல்லை. பேரம்தான் பேசிறன். பாதி மெசின், பாதி அவ. கூடவோ? சரி, கால்வாசி. அதுவும் வேண்டாமோ? அப்ப இதைச் சொல்லும், உந்த மெசினுக்குப் படம் தெரியுமோ? அந்தக் கோடு, வளைவு? பாத்தீரே, தெரியாதெல்லே! அதை மட்டும் அவ சொல்லட்டும். பக்கத்தில இருக்கிற பெடியன் சொல்லித்தருவானோ? அவன் வளைஞ்சு போகுது எண்டுவான், எந்தப் பக்கம் எண்டு சொல்லான். கிழமைக்கு ஒரு படம். கடைசி விலை, இதுக்குக் கீழ இறங்கமாட்டன்.

நான் ரெக்கோடிங்கை நிப்பாட்டச் சொல்லத்தான் உம்மை ஏத்தினனான் எண்டு நினைச்சனீர், என்ன? கம்பஸ் வாசலில உமக்காகத்தான் நிண்டனான், அது உண்மை. ஆனா அதுக்கில்லை.

ரெக்கோடிங்கில அடிக்கடி டக்கெண்டு ஒரு வெட்டு வருமெல்லே? வசனம் பாதியில நிண்டு, பிறகு முதலில இருந்து தொடங்கும். அது ரயில். எங்கட ஃபிளாட் கடற்கரைப் பக்கம், ரயில் போனா ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். அவ மைக்கை நிப்பாட்டிப்போட்டு, ரயில் போகுமட்டும் காத்துக்கொண்டு இருப்பா. முன்னால நான்தானே இருக்கிறன், வேறை ஆருமில்லை. அப்ப கதைப்பா. பொன்னம்பலம் சேரின்ர கதை, மீட்டிங் கதை, எல்லாம் எனக்கு அப்பிடி வந்ததுதான். அந்தச் சத்தத்தில கேக்காதெண்டு கிட்ட வந்து இருந்து கதைப்பா.

பாடம் முழுக்க உம்மடதுதான் தம்பி. அந்த வெட்டு என்ர.

போன கிழமை தொடக்கம் வீட்டில ஃபேன் ஓடுது. நல்ல காத்து. ரயிலும் போகுது. அவ அறைக்குள்ள.

இதுதானே உம்மட ஒழுங்கை? இரும், இதில தண்ணி ஓடுற கான் மூடியில்லாமல் கிடக்கு, நான் அந்தப் பக்கம் வாறன். இந்தாரும், என்ர முழங்கை, நீர் பிடியும். நான் உம்மைப் பிடிச்சு இழுக்கக்கூடாதாம். அதுவும் அவ ஒரு ரயிலுக்குள்ள சொன்னதுதான்.

என்ன? ரெண்டு படமோ? கிழமைக்கு ரெண்டோ? அடேய், நான் ஒண்டுக்கே இறங்கி வந்தனான். சரி, சரி, வியாபாரம் முடிஞ்சுது, இனி மாத்தக்கூடாது. ஒண்டு மட்டும், கேக்கேக்க அவசரப்படுத்தாதையும், கம்பஸிலயே இருந்து வாசிச்சுப்போட்டு வந்திடுவா. வீட்டை போய் ஆறுதலாச் செய்யுங்கோ மிஸ் எண்டு சொல்லும். பின்னேரம்தான் ரயில் கூட.