பிரிக்காத பிறந்தநாள் சாக்லேட்

தலைமை ஏற்று அவையை அழகு செய்யும் தலைமையாசிரியை ஷோபனா அம்மையார் அவர்களே! பருத்திப்பட்டின் பெருமைமிகு பெரியோர்களே! குவார்ட்டர்ஸிலிருந்தும் அடுக்குமாடிகளிலிருந்தும் பிள்ளைகளின் கைபிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! பெற்றோர் சங்கத்தின் சார்பில் சம்பத்தின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

எய்ட்ஸ் தினத்தில் இந்தத் தொழிற்சாலைக்காரன் என்ன பேசப்போகிறான் என்றுதானே பார்க்கிறீர்கள்? ஒரு சாக்லேட்டைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை. எச்.ஐ.வி. கிருமியோடு பிறந்தவள், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, நம் பிள்ளைகளைப் போலவே ஓடி ஆடுகிறவள். பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் அம்மா சம்மதித்ததால்தான் இந்த அளவும் சொல்கிறேன். போன வாரம் அவளுக்குப் பிறந்தநாள். கலர் டிரெஸ் போட்டு வந்து வகுப்புக்கே சாக்லேட் கொடுத்தாள். அத்தனை பேரும் வாங்கினார்கள். அத்தனை பேரும் வாழ்த்தினார்கள். மணி அடித்த பிறகு பார்த்தால், அத்தனையும் பிரிக்காமல் குப்பைத்தொட்டியில்! பார்த்தவள் அவளேதான்.

அறியாமையா? இல்லை ஐயா, இல்லை! தொட்டால் பரவாது, சேர்ந்து சாப்பிட்டால் பரவாது என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய வகுப்பு அது!

மிச்ச சாக்லேட்டோடு அழுதுகொண்டே போனவளை வராண்டாவில் மறித்தவர்கள் யார்? இரண்டாம் வகுப்பு வாண்டுகள். எய்ட்ஸ் என்றால் என்னவென்றே அதுகளுக்குத் தெரியாது. “இன்னாக்கா, வவுறு வலிக்குதா? அழுவாதக்கா” என்றான் ஒருவன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, “இன்னோன்னு குடுக்கா” என்றான். சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். அவளும் சிரித்துவிட்டாளாம்.

அந்த ஒன்பதாம் வகுப்பில்தான் என் மகன் விஷாலும் படிக்கிறான். வீட்டில் கேட்டேன்.

“நீ துன்னியாடா?”

“இல்லப்பா.”

“பரவாதுன்னு தெரியுமில்ல?”

“தெரியும்ப்பா.”

“அப்பறம் இன்னாடா பயம்?”

“அவளுக்கு அந்த நோவு இருக்குது, கிட்ட சேரக்கூடாதுன்னு ஊட்ல பெரியவங்கல்லாம் பேசிக்கினு இருந்தது காதுல வுழுந்திச்சில்ல?”

ஏழு வயதில் இல்லாத பயம் பதினான்கு வயதில் எங்கிருந்து வந்தது? புத்தகம் தந்ததா? ஆசிரியர் தந்தாரா? சோற்றோடு சேர்த்து நாம் ஊட்டினோம், நாம்! சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அங்கே யாரோ, ‘வேற ஸ்கூலுக்குப் போவட்டுமே’ என்கிறீர்கள். கேட்டது, அண்ணாத்தே. கோபம் இல்லை. அந்தத் தாயும் டி.சி. கேட்டுத்தான் நிற்கிறார். திங்கட்கிழமை வரை பொறுக்கும்படி தலைமையாசிரியைதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை அவள் வருவாள். அன்றைக்கும் இப்போது போலவே அவள் பெஞ்சில் யாரும் உட்காராவிட்டால், செவ்வாய்க்கிழமை அவள் நம் பள்ளியில் இல்லை. அவள் போகிற பள்ளியிலும் நம்மைப் போன்ற பெற்றோர்தானே இருப்பார்கள்?

ஆகவே, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாதீர்கள். பாடம் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். இன்று சாப்பிட உட்காரும்போது அவர்கள் காதில் விழுகிற மாதிரி ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: “திங்கக்கெழம போயி அவ பக்கத்துல குந்து.”

பொறுமையோடு கேட்ட உங்கள் பொன்னான நெஞ்சங்களுக்கு நன்றி. வணக்கம்!